தலையாட்டினால் இழு

நவம்பர் 3

விறகு பிளக்கும் மெஷின் வாங்கியபோது கடைக்காரர் இந்த டைரியை இனாமாகக் கொடுத்தார். அப்போதே செப்டம்பர். முக்கால் வருஷம் தீர்ந்துபோன டைரியை யாராவது கொடுப்பார்களா என்று அவரிடமே கேட்டேன், சிரித்தார். மெஷினின் ரசீதை இதற்குள்தான் செருகி வைத்திருந்தேன். சனிக்கிழமை ஆம்புலன்ஸில் ஏறும்போது கைக்குக் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்ததில் இதுவும் மலையிறங்கி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் வேறு வேலை இல்லை. எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தங்கமாயனுக்கு இடது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை பதினொரு மணி. அவர் கட்டையை மெஷினில் வைத்தார். நான் லீவரை இழுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

நவம்பர் 4

காலையில் கட்டு மாற்றினார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மகள் சுகந்தி சனிக்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் கொடுத்திருப்பது பெரியகுளத்தில். எட்டாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையுடன் வந்தாள். இவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்த நேரம். டாக்டர் வெளியே வந்து, "மெஷின்ல கை விட்டாருன்னா, குடிச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

சுகந்தி பக்கத்தில்தான் நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "வண்டிய எடுங்க" என்றாள். அவர் கண் முழிப்பதற்குள் போய்விட்டார்கள்.

தெரியாததைத் தெரியாது என்றுதானே சொன்னேன்.

நவம்பர் 9

வீடு வந்து சேர்ந்தோம். மலை முழுக்க மூட்டம். நாங்கள் இல்லாத எட்டு நாளும் மழை பெய்திருக்கிறது. எங்கள் விறகுக்கடைக்கு முன்னால் பிளக்காத கட்டைகள் ஆளுயரத்துக்குக் கிடக்கின்றன. மெஷினை யாரோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அடியில் மழைத் தண்ணீரே எல்லாவற்றையும் கழுவியிருந்தது.

கை போன அன்று அவர் போட்டிருந்த சட்டையை ஊறவைத்தேன். பையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருந்தது. கிராம்பு.

குடித்த காலத்தில் கிராம்பு மென்றுகொண்டுதான் வீட்டுக்கு வருவார். வாடை தெரியாதாம். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நாலு வருஷமாக அந்த வாசனை வீட்டில் கிடையாது. சுகந்திக்குக் கல்யாணம் பேசும்போது அவள் சொன்னாள்: "அப்பா இனிமே குடிச்சா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். பிரசவத்துக்குக்கூட வர மாட்டேன்." அன்று நிறுத்தியவர். நிறுத்தினார் என்றுதான் இருந்தேன்.

பொட்டலத்தை அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

நவம்பர் 12

பேக்கரி ரசாக் பாய் வந்தார். அவர் கடை அடுப்பு இருபது வருஷமாக எங்கள் விறகில்தான் எரிகிறது. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். வெளியே வந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"விட்டுட்டாருன்னுல்ல நெனச்சோம் தங்கச்சி. திரும்ப ஆரம்பிச்சுட்டாராக்கும்?"

"யாரு சொன்னா பாய்?"

"ஊர்ல பேசிக்கிறாங்க. நெருப்பில்லாம புகையுமா?"

விறகுக்கடைக்காரியிடம் வந்து நெருப்பையும் புகையையும் பற்றிச் சொல்கிறார். ஈர விறகை வைத்தால் நெருப்பு பிடிக்குமுன்னே வீடு முழுக்கப் புகைதான். அதை அவரிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு டிசம்பர் பத்துக்குள் விறகு வேண்டும் என்றார். சரி என்றேன்.

உள்ளே வந்தால் இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் வாய் திறந்திருக்கும்.

நவம்பர் 14

அவர் கோடாலியை எடுத்துவிட்டார். சொன்னால் கேட்கிற ஜென்மமா? பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இடது மணிக்கட்டோடு காம்பைக் கட்டிக்கொண்டு, ஒரு சீகை மரக் கட்டையை நிறுத்தி ஓங்கினார். கோடாலி பக்கவாட்டில் வழுக்கி மண்ணில் குத்தியது. மறுபடி ஓங்கினார். நான் சமையல்கட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு அடி. ஒரு கட்டை பிளக்கவில்லை. கைக் கட்டு நனைந்து இரத்தம் கசிந்தது.

"போதும், உள்ள வாங்க" என்றேன்.

டியூபை அவிழ்க்கக்கூட இன்னொரு கை வேண்டியிருந்தது. நான்தான் அவிழ்த்தேன்.

நவம்பர் 16

சுகந்தி போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். வளைகாப்பு முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாம். அவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்களாம். பிரசவத்துக்கு மலைக்கு வரவில்லையாம். "அத்தை, நீங்க மட்டும் வாங்க. அவ அப்படித்தான் சொல்லச் சொன்னா."

இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

நவம்பர் 17

நானே கோடாலியைப் பிடித்தேன். ரசாக் பாய்க்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆள் வைக்கலாமென்றால் எல்லோரும் கேரட் பிடுங்கப் போய்விட்டார்கள்.

முதல் அடியிலேயே கோடாலி கட்டைக்குள் மாட்டிக்கொண்டது. கட்டையோடு சேர்த்துத் தூக்கினேன், இடுப்பு பிடித்தது. இவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல அடிக்காத. ஓரமா அடி" என்றார். ஓரமாக அடித்தேன். சிராய் பறந்து கன்னத்தில் பட்டது. மாலைக்குள் பதினெட்டுக் கட்டை. அவர் கை நன்றாக இருந்தபோது காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவார்.

ஒன்று மட்டும் அடிக்க அடிக்கப் புரிந்தது. கோடாலி தப்பினால் அடிக்கிறவள் காலில்தான் விழும். அடுத்தவர் கையைக் கேட்காது.

நவம்பர் 19

உள்ளங்கையில் ஆறு கொப்புளம். பேனா பிடிக்கவும் வலிக்கிறது, ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும்.

மெஷின் வேண்டுமென்று கேட்டது நான்தான். அவருக்கு வலது தோள்பட்டை மூன்று வருஷமாகத் தூக்க முடியாமல் இருந்தது. தைல மரம் முறுக்கு மரம், அதை அடித்து அடித்தே தோள் போயிற்று. "நான் சாகிற வரைக்கும் இந்தக் கோடாலி போதும்" என்றார். "அப்ப சீக்கிரம் செத்துருவீங்க" என்று சொல்லி வாங்க வைத்தேன். மெஷின் நல்ல மெஷின்தான். கட்டையைப் படுக்க வைத்து லீவரை இழுத்தால், பின்னாலிருந்து இரும்புத் தகடு தள்ளிக்கொண்டு போகும். முன்னால் ஆப்பு நிற்கும். முறுக்கு மரமானாலும் அதில் மோதி இரண்டாகும். ஒரு நாளில் மூன்று நாள் வேலை.

மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான். "வைக்கிற ஆளேதான் இழுக்கணும். ரெண்டு பேரு நிக்கக் கூடாதுக்கா."

நாங்கள் கேட்டோமா? ஒருவர் வைத்து ஒருவர் இழுத்தால் இன்னும் வேகம். என்ஜின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அவர் கட்டையைச் சரியாகப் படுக்க வைத்துக் கையை எடுத்துவிட்டுத் தலையாட்டுவார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தலையாட்டினால் இழுப்பேன். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் ஏம் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாக்குற" என்று கேலி செய்வார்.

நவம்பர் 22

மழை. கரண்ட் இல்லை. விறகுக்கடைக்காரி வீட்டு அடுப்பிலும் ஈர விறகு.

நவம்பர் 25

காலையில் இவருக்கு வலது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. கஞ்சியைத் தள்ளி வைத்தார்.

"கிராம்பு இருக்கா?"

"எதுக்கு?"

"கடவாப்பல்லு. தீவாளிக்கு முன்னாடியே புடிச்சு வலிக்குது. கிராம்ப அடக்கிக்கிட்டா கொஞ்சம் கேக்கும். ஒரு பொட்டலம் வச்சிருந்தேன், ஆஸ்பத்திரி போன அமளில எங்க போச்சோ."

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

நவம்பர் 26

பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வேர் வரைக்கும் சொத்தை. பிடுங்கிவிட்டார். "எப்படி இத்தனை நாள் பொறுத்தீங்க?" என்று கேட்டார். இவர் வாயில் பஞ்சோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "அவர் கையை எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. மீதியை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் பக்கத்தில் வந்து, சிராய் அள்ளச் சாந்துச் சட்டியைக் கேட்டார். கிராம்பு வாசனை அடித்தது. எனக்குத் தலைக்குள் நெருப்பு ஏறியது. நாலு வருஷமும் வேஷம் என்று நினைத்தேன். பெண் பிரசவத்துக்கு வரப்போகிற நேரத்தில் இப்படியா என்று நினைத்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை என்றால் எனக்கு ஒரு பழக்கம், அவர் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன். சோறு போடுவேன், வேலை செய்வேன், மூஞ்சியை மட்டும் பார்க்க மாட்டேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் அது. சுகந்திக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அன்றும் மூஞ்சியைப் பார்க்காமல் லீவர் பக்கம் போய் நின்றேன். ரோட்டைப் பார்த்து நின்றேன்.

நவம்பர் 30

வளைகாப்புக்குப் போய் வந்தேன். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய்ச் சாதம் எல்லாம் கட்டி எடுத்துப் போனேன். சுகந்தி மஞ்சள் பட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல் போட்டுவிட்டேன். அவளுக்கு விரல்கள் அவர் மாதிரியே நீளம்.

பக்கத்து வீட்டு அம்மா, "அப்பா வரலையா?" என்றாள். சுகந்தி, "அவருக்கு முடியல" என்றாள், தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு.

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு போனேன். நல்ல நாள், நாலு பேர், மாசமான பிள்ளை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தேன்.

வீட்டில் இவர் பின்னறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டிருந்தார். ஒரு கையால் எப்படி இழுத்துக் கட்டினாரோ. இறவாரத்தில் மெல்லிய சீகைச் சுள்ளிகள் அடுக்கியிருக்கின்றன, விரல் தடிமனுக்கு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க என்று அக்டோபரிலேயே கோடாலியால் பிளந்து காயப்போட்டது. அத்தனை மெல்லிசாக மெஷினில் வராது. அதன்மேல் சாக்குப் போட்டு மூடிவிட்டு, "வந்தாளா?" என்று கேட்டார்.

அவள் என்கூடவே வந்திருப்பாள் என்ற நினைப்பில் கேட்டார்.

டிசம்பர் 2

மத்தியானம் மூன்று மணிக்குக் கடைத்தெருவிலிருந்து வந்தார். மெஷினின் தார்ப்பாயை விலக்கி, தகட்டின் மேல் ஒரு பாட்டிலை வைத்தார். மூடி உடைக்காத பாட்டில். எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அடித்துக்கொண்டிருந்த கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னங்க இது?"

"ஊரே குடிச்சேங்குது. பெத்த புள்ளையும் சொல்லுது. குடிக்காம கெட்ட பேரு எதுக்கு, குடிச்சே வாங்கிக்கிருவோம்னு வாங்கினேன்." பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியத் திருகணும்னா ரெண்டு கை வேணும் பவளம். அதுகூட முடியல."

நான் தரையில் உட்கார்ந்தேன். அடுக்கி வைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "நான் உங்களப் பாக்கலங்க. அன்னைக்கு நீங்க தலையாட்டுனீங்களான்னு நான் பாக்கவே இல்ல. கட்டை விழுந்த சத்தத்த வச்சு இழுத்துட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"கட்டையில கணு இருந்துச்சு. திருப்பி வைக்கலாம்னு புடிச்சேன். நீ ரோட்டப் பாத்துக்கிட்டு நின்ன."

"அப்ப ஏங்க யாருகிட்டயும் சொல்லல?"

கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பதினெட்டு வருசம் குடிச்சவன். உனக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா அதுல பாதி என் சம்பாத்தியம்தான?"

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இருந்த கடைசி ஒன்றையும் சொன்னேன். இந்த டைரியில்கூட எழுதாதது. தகடு மெதுவாகத்தான் நகரும். மூன்று எண்ணுவதற்குள் லீவரைத் திருப்பித் தள்ளினால் நின்றுவிடும். அவர் கத்தினார். எனக்குக் கேட்டது. என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். திட்டினால் திட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டேன்.

இது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போனார். கிணற்றடி வரைக்கும் போய், அங்கேயே நின்றார். நான் பாட்டிலை எடுத்துப்போய் ரோட்டோரக் கல்லில் உடைத்தேன். வாடை நெடுநேரம் இருந்தது.

டிசம்பர் 3

பேசவில்லை. சோறு சாப்பிட்டார்.

டிசம்பர் 4

பேசவில்லை.

டிசம்பர் 5

காலையில் அவரே வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார். "ரசாக் பாய்க்கு என்னைக்கு விறகு?"

"பத்தாம் தேதி."

"ஒரு நாளைக்கு உன் பதினெட்டுக் கட்டை பன்னு சுடக்கூடக் காணாது. மெஷின ஓட்டுவோம். லீவர் ஒரு கை வேலைதான், நான் இழுக்கிறேன். நீ கட்டைய வை."

மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கட்டையைத் தூக்கி வைக்க அவருக்குக் கை இல்லை, லீவரைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. தனித்தனியாக இரண்டு பேரும் உதவாதவர்கள். அதுவல்லாமல், அவர் இழுக்கும் லீவருக்கு நான் கையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

என்ஜின் சத்தம் கேட்டதும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டேன். முதல் கட்டையைப் படுக்க வைத்தேன். தலையாட்டினேன். அவர் இழுக்கவில்லை. மறுபடி ஆட்டினேன். என்ஜினை நிறுத்திவிட்டு வந்தார்.

"தலையாட்டுறதெல்லாம் வேணாம். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு. நான் பாக்கணும்."

அப்படியே செய்தோம். கட்டையை வைப்பேன், இரண்டடி பின்னால் போய் இரண்டு கையையும் தூக்குவேன், போலீஸிடம் பிடிபட்டவள் மாதிரி. அவர் என் முகத்தைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், பிறகுதான் இழுப்பார். கோடாலியைவிட வேகம். பழைய வேகத்தில் பாதி.

நூற்றுப் பத்துக் கட்டை. ஒவ்வொரு தடவையும் பத்து விரலும் அவருக்கு எதிரே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 8

சுகந்திக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையிடம் கொடுக்காதே, ஐந்து நிமிஷம் கேள் என்றேன். கிராம்பிலிருந்து ஆரம்பித்து, கத்தியது கேட்டும் திரும்பாமல் நின்றது வரை சொன்னேன். டாக்டரிடம் "தெரியலைங்க" என்றேனே, அதையும் சொன்னேன். இவர் பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார், இல்லாத விரல்களை வைத்துக்கொண்டு.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"ஒரு மாசமா என்னைய எங்கப்பன வையவிட்டல்ல நீ" என்றாள். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 10

ரசாக் பாய் லோடு ஏற்றிக்கொண்டு போனார். அவரிடமும் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "ஊர்க்காரங்ககிட்ட நான் சொல்லிர்றேன் தங்கச்சி" என்றார். சொல்வார். ஆனால் புகை போகிற வேகத்தில் நெருப்பை அணைக்கிற தண்ணீர் போவதில்லை.

டிசம்பர் 14

சுகந்தி வந்துவிட்டாள். மார்கழி பிறந்தால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்று மாப்பிள்ளையே காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும் நேரே அவரிடம் போனாள். கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "வலிக்குதாப்பா, வலிக்குதாப்பா" என்று அழுதாள். "இல்ல தாயி, இப்ப இல்ல" என்று அவரும் அழுதார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த பூண்டுக் குழம்பு. சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்குத் தட்டைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் வைத்த குழம்பைச் சாப்பிடுகிறாள், நான் விரித்த பாயில் படுக்கிறாள். என் மூஞ்சியை மட்டும் பார்க்கவில்லை. யாரிடம் கற்றது என்று நான் கேட்க முடியுமா?

டிசம்பர் 15

காலையில் கடுங்குளிர். அவர் பிளந்து வைத்த சீகைச் சுள்ளியில் அவளுக்கு வெந்நீர் வைத்தேன். புகையே இல்லாமல் எரிந்தது. பெரிய குண்டானில் கொதிக்கக் கொதிக்க இறக்கி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குளிக்கிற இடத்துக்குப் போனேன். சுகந்தி வாசலில் நின்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள்.

என் கை குண்டானை விடவில்லை.

"குடு" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

"ஏம் மூஞ்சியப் பாரு."

"குடும்மா."

"என்னைய வையி. அடி. பேசாமக்கூட இரு. ஆனா இதக் கைமாத்துறப்ப ஏம் மூஞ்சியப் பாரு தாயி. பாத்தாத்தான் விடுவேன்."

ஆவி எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது. துணியையும் மீறிக் கை சுட்டது. அவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

மெதுவாகத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அதில் எனக்கு மன்னிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தாள். இரண்டு கையாலும் துணியோடு சேர்த்துக் குண்டானைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை தலையாட்டினாள்.

விட்டேன்.